ஏறும் பலம்

பழைய பொருள் ஒன்றுக்குப் புதிய பலம் கொடுக்கலாமா, கூடாதா? இப்படி நான் ஆரம்பித்தவுடன், மதம், மொழி, குடும்பம் என்று ஏதோ பெரிய சங்கதியைப் பற்றிப் பிரசங்கம் செய்யப் போகிறேன் என்று வாசகர்கள் பயந்துவிட வேண்டாம். நான் பேசப் போவது ஒரு பழைய ஜீப்பைப் பற்றி. அதிலுள்ள சின்ன எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பெரிய எஞ்சினை வைப்பது சரியா, தப்பா என்பதுதான் கேள்வி.

இதிலே சரி என்ன, தப்பு என்ன? வண்டி ஒருவனுடையது, பணமும் அவனுடையது, கைக்கு வேலை மெக்கானிக்குடையது. நடுவில் நாம் யார் என்று கேட்கலாம். கேட்பதும் நியாயந்தான். ஆனால் பெரிய விஷயங்களில் புகைமூட்டமாகத் தெரிகிற தர்மம், சின்ன விஷயங்களில் சில சமயம் துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது. மனித மனத்தைத் திறந்து பார்க்க முடியாது. ஜீப்பின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிடலாம்.

பழைய வண்டிகளைப் போற்றுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பிரிட்டனில் லாண்ட் ரோவர், அமெரிக்காவில் வில்லீஸ் ஜீப், நம் நாட்டில் மஹிந்திரா ஜீப் என்று அவரவர்க்கு ஒரு தெய்வம் உண்டு. இவர்களிலே இரண்டு கட்சி. ஒரு கட்சி, தொழிற்சாலையிலிருந்து வண்டி எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்கிறது. எஞ்சினை மாற்றினால் அது அந்த வண்டியே அல்ல, அதன் தோலைப் போர்த்திக்கொண்ட வேறொன்று என்கிறது. இன்னொரு கட்சி, வண்டி ஓடுவதற்காகப் பிறந்தது, பொருட்காட்சி சாலையில் நிற்பதற்காக அல்ல என்கிறது.

முதல் கட்சியின் வாதம் சாதாரணமானதல்ல. மிகப் பழைய தத்துவ விசாரம் ஒன்று அதற்குள்ளே இருக்கிறது. ஏதன்ஸ் நகரத்தார் தீஸியஸ் என்ற வீரனின் கப்பலைப் பல தலைமுறை பாதுகாத்தார்கள் என்றும், உளுத்துப்போன பலகைகளை எடுத்துப் புதுப் பலகைகளை வைத்துக்கொண்டே வந்தார்கள் என்றும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் சண்டை போட்டார்கள் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். நம் நாட்டிலே நாகசேனர் என்ற பௌத்த பிக்ஷு, மிலிந்தன் என்று பாலி நூல் குறிப்பிடும் கிரேக்க அரசன் மினாண்டரிடம், ரதத்தை வைத்தே இந்த விஷயத்தைப் பேசினார். அச்சு ரதமா, சக்கரம் ரதமா, ஏர்க்கால் ரதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் அரசனை இல்லை என்று சொல்ல வைத்து, அப்படியானால் ரதம் எங்கே என்று கேட்டார். ரதம் என்பது எல்லாம் சேர்ந்ததற்கு நாம் இட்ட பெயர் என்பதுதான் அவர் காட்டிய முடிவு.

சர்க்கார்களுக்கு இவ்வளவு நுட்பம் தாங்காது. அவர்களுக்கு நம்பர் வேண்டும். பிரிட்டனின் வாகனப் பதிவு இலாகா நெடுங்காலம் ஒரு மார்க்குத் திட்டம் வைத்திருந்தது. திருத்தி அமைத்த வண்டி தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டுமானால் குறைந்தது 8 மார்க்கு வாங்க வேண்டும். பழைய சட்டகம், அதாவது சேஸிஸ், அப்படியே இருந்தால் 5 மார்க்கு. ஸ்பிரிங் அமைப்புக்கு 2, அச்சுகளுக்கு 2, கியர் பெட்டி வகையறாவுக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2. எஞ்சினுக்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒன்றே ஒன்று. வண்டியின் இதயம் என்று நாம் சொல்லும் பொருளுக்கு அந்தச் சட்டம் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான். நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. தயாரித்தவர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுப் புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அதன் 52-ஆவது பிரிவு.

பிரிட்டிஷ் பட்டியலை நான் முதலில் படித்தபோது எஞ்சினுக்குக் கிடைத்த ஒற்றை மார்க்கைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. அதிலே பிரேக்குக்கு ஒரு மார்க்குகூட இல்லை. அது அந்த இலாகாவின் குற்றமல்ல. வண்டி எது என்று அடையாளம் காண்பதற்காகப் போட்ட பட்டியல் அது. பிரேக்கினால் ஒரு வண்டிக்கு அடையாளம் வருவதில்லை. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தின் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளட்டும்.

'அசல்' என்ற சொல்லைப் பார்ப்போம். அசல் ஜீப் எது?

1940-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய ஒரு சிறு வண்டி வேண்டுமென்று கேட்டது. எடை 1300 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்றது. அது நடக்கிற காரியமாக இல்லை. பின்பு வரம்பு 2160 பவுண்டாக உயர்ந்தது. போட்டியிட்ட மூன்று கம்பெனிகளில் பான்ட்டம், ஃபோர்டு இரண்டின் எஞ்சின்களும் 45 குதிரைச் சக்தியைச் சுற்றியே நின்றன. வில்லீஸ் கம்பெனியின் எஞ்சினோ 60. அதன் தலைமை எஞ்சினியர் பார்னி ரூஸ் என்பவர், 48 குதிரைச் சக்தி கொண்ட ஒரு பழைய எஞ்சினைத் திருத்தித் திருத்தி அந்த அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். ஆனால் வில்லீஸ் வண்டி எடை வரம்பைத் தாண்டியிருந்தது. சின்ன எஞ்சினாகப் போட்டால் எடை குறையும். ரூஸ் அதற்குச் சம்மதிக்கவில்லை. வண்டி முழுவதையும் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்தார். நீளமான போல்ட்டுகளைக் குட்டையாக வெட்டினார். பூசுகிற பெயிண்டின் எடையைக்கூடக் கணக்கில் எடுத்துக் குறைத்தார். 1941-இல் ராணுவத்தின் பெரிய ஆர்டர் வில்லீஸுக்குக் கிடைத்தது. யுத்தம் முடிவதற்குள் வில்லீஸும் ஃபோர்டுமாக ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின.

நம் நாட்டார் கண்ணுக்குப் பழகிய ஜீப், மூக்கு உயர்ந்த ஜீப். அது 1953-இல் வில்லீஸ் கொண்டுவந்த வார்ப்பு. மஹிந்திரா அதைப் பல காலம் இங்கே தயாரித்தது. அதன் மூக்கு ஏன் உயர்ந்தது தெரியுமா? பழைய எஞ்சினுக்குப் பதிலாக, வால்வுகளில் ஒரு பகுதியைத் தலைப்பக்கம் ஏற்றிய ஓர் எஞ்சினை அதில் வைத்தார்கள். கொள்ளளவு அதேதான், பலம் 60-லிருந்து 70-க்கு மேல் போயிற்று, உயரமும் கூடிவிட்டது. பழைய மூடிக்குள் அது அடங்கவில்லை. ஆகவே மூடியை உயர்த்தினார்கள். நம் பெரியவர்கள் 'அசல் ஜீப்' என்று கண் கலங்கப் பார்க்கிற அந்த முகமே, எஞ்சினை மாற்றியதனால் உண்டான முகந்தான்!

ஆகவே, மாற்றம் துரோகம் என்ற முதல் கட்சியின் வாதம் என் வரையில் இங்கே விழுந்துவிடுகிறது. செய்தவர்களே மாற்றியிருக்கிறார்கள். அதே வண்டியா, வேறு வண்டியா என்ற கேள்வி மூளைக்கு நல்ல பயிற்சி. ஆனால் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னாலும் யாருக்கும் ரத்தக் காயம் ஏற்படப் போவதில்லை. தர்மம் சம்பந்தப்பட்ட கேள்வி அதுவாக இருக்க முடியாது.

அந்தக் கேள்வி எது என்பதை நான் போடிநாயக்கனூரில் ஒரு மெக்கானிக்கிடம் தெரிந்துகொண்டேன்.

போடியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஏலக்காய் ஊர் அது. அங்கிருந்து போடிமெட்டுக்கு மலைப்பாதை ஏறுகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் கேரளத்தின் ஏலத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் களையெடுக்கவும் காய் பறிக்கவும் கீழே சமவெளியிலிருந்து பெண்கள் விடியற்காலையிலேயே தூக்குவாளியும் கையுமாக ஜீப்புகளில் ஏறிப் போகிறார்கள், சாயங்காலம் திரும்புகிறார்கள்.

என் நண்பர் ஒருவருக்கு அங்கே சிறிய தோட்டம் ஒன்று உண்டு. தகப்பனார் விட்டுப்போன மூக்கு உயர்ந்த ஜீப் ஒன்றும் உண்டு. நான் அதில் ஏறிப் போயிருக்கிறேன். ஒன்பதாவது வளைவிலோ பத்தாவது வளைவிலோ எஞ்சின் மூச்சு வாங்கும். பிறகு நின்றுவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பையன் குதித்திறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பான். கல் வைப்பதற்கென்றே கூட்டி வந்த பையன் அவன். பெண்கள் இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வளைவு தாண்டும் மட்டும் நடப்பார்கள். இந்த லட்சணத்தில் ஓடுகிற வண்டிக்குப் பலமான எஞ்சின் போட வேண்டுமென்று ஒருவன் நினைத்தால் அதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? ஏற்றத்தில் நின்றுபோகிற வண்டியும் ஆபத்தான வண்டிதான். நண்பர் வேறொரு வண்டியிலிருந்து எடுத்த ஒரு டீஸல் எஞ்சினை விலை பேசி வாங்கிவிட்டார். ஏறக்குறைய 100 குதிரைச் சக்தி. அதை மாட்டித் தரும்படி ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனார். நானும் கூடப் போனேன். ஊரில் அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பாய் எஞ்சினைப் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துக் கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, எஞ்சின் உக்காந்துக்கும். அதுக்கு முன்னாலே பிரேக்கு நாலையும் பெரிசா மாத்தணும். பின் அச்சும் இந்தப் பலத்தைத் தாங்காது. முன் ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை சேத்துப் போடணும்."

"ஒவ்வொண்ணாச் செய்யலாம் பாய். முதல்லே எஞ்சினை மாட்டுங்க. பிரேக்கை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் வண்டி மேலேயே நிக்குமா தம்பி?" என்றார் பாய்.

நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. பாய் குரலை உயர்த்தவில்லை. "ஏறுறப்போ எஞ்சின் காப்பாத்தும். இறங்குறப்போ பிரேக்குதான் காப்பாத்தணும். நீங்க ஏறுறதுக்கு மட்டும் காசு கொண்டாந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் விஞ்ஞானம் படித்தவனல்ல. ஆனாலும் பாய் சொன்னதன் கணக்கு, பள்ளிக்கூடத்துப் பையனும் போடக்கூடிய கணக்குத்தான். எஞ்சினில் பிறக்கிற பலம் எஞ்சினோடு நின்றுவிடுவதில்லை. கிளட்ச், கியர் பெட்டி, அதை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் இரண்டாவது பெட்டி, நீண்ட தண்டு, அச்சு என்று ஒவ்வொருவர் தோளிலும் ஏறி இறங்கித்தான் சக்கரத்துக்கு வருகிறது. அவர்கள் எல்லோரும் 60, 70 குதிரைகளுக்கென்று பிறந்தவர்கள். நூறு குதிரைகளைக் கொண்டுவந்து கட்டினால், அவர்களில் மெலிந்தவன் எவனோ அவன் முதலில் முறிவான். பின் அச்சின் தண்டு பெரும்பாலும் அந்த மெலிந்தவன்.

பிரேக்கின் கணக்கு இன்னும் கொடியது. யுத்தகால ஜீப்பில் இருந்தது 9 அங்குல டிரம் பிரேக். அந்த வண்டியின் எடைக்கும் வேகத்துக்கும் அது போதும். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால், வண்டியை நிறுத்த வேண்டிய உழைப்பு நான்கு மடங்காகிறது. பாரம் ஒன்றரை மடங்கானால், மலை இறக்கத்தில் பிரேக் விழுங்க வேண்டிய சூடும் ஒன்றரை மடங்காகிறது. சூடு ஏற ஏற டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகுகிறது. கட்டையும் பிடிப்பை இழக்கிறது. மிதிக்கிறவனுக்குக் கால் தரையில் போய் முட்டும். இறக்கத்தில் எஞ்சினின் நூறு குதிரைகளும் வேடிக்கை பார்க்கும் குதிரைகள். சின்ன கியரில் போட்டால் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பாய் மறுத்த வேலையை வேறொரு பட்டறையில் செய்து கொடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து நண்பரைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தார்.

"அண்ணே, இப்பக் கல்லு வைக்கிற பையனே வேண்டியதில்லே. ஒரு வளைவிலேகூட நிக்கிறதில்லே. முன்னே எட்டுப் பேரை ஏத்துறதுக்கே உயிர் போகும். இப்பப் பன்னெண்டு பேர் போறாங்க. ரெண்டாவது நடை மிச்சம்."

"பிரேக்?" என்றேன்.

"பாக்கணும்" என்றார்.

ஏதோ விபத்து நடந்தது என்று நான் எழுதப் போவதாக எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றந்தான். ஒன்றும் நடக்கவில்லை. இன்றுவரை அந்த வண்டி ஏறுகிறது, இறங்குகிறது. ஆனால் ஒன்றும் நடக்காமல் இருப்பது ஒரு காரியம் நியாயமானது என்பதற்குச் சாட்சி ஆகாது. விழாமல் இருக்கிற வரையில் எல்லாக் கூரையும் உறுதியான கூரைதான்.

என் நண்பர் கெட்டவர் அல்ல. அந்தப் பெண்கள் நடந்து ஏறுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இந்த முயற்சியையே தொடங்கினார் என்பது எனக்குத் தெரியும். எட்டுப் பேர் சுகமாக ஏறுவதற்காக வந்த பலம் எப்படிப் பன்னிரண்டு பேரை நெருக்கி அடைத்தது? பலத்துக்கு இப்படி ஒரு குணம் இருக்கிறது. அது சும்மா உட்கார்ந்திருக்காது. மிச்சமாக இருக்கிற பலம் தனக்கு ஒரு பாரத்தைத் தேடிக்கொள்ளும். மயிலிறகையே ஏற்றினாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்ற வள்ளுவருக்கு இந்தக் குணம் தெரிந்திருக்கிறது. வண்டி இழுக்கிறது என்ற ஒரே காரணத்தினால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போவது மாட்டு வண்டிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது போலிருக்கிறது.

இதிலே என்னை மிகவும் சங்கடப்படுத்துவது இன்னொரு விஷயம். அந்தப் பெண்களைக் கேட்டால் புது எஞ்சினை வாயாரப் புகழுவார்கள். நடக்க வேண்டியதில்லை, நேரத்தோடு வீட்டுக்கு வந்து உலை வைக்கலாம். ஏற்றத்தின் கஷ்டத்தை அவர்கள் தங்கள் முழங்காலில் அனுபவித்தவர்கள். அது தீர்ந்தது கண்ணுக்குத் தெரிகிறது. டிரம்முக்குள் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் சம்மதித்துத்தானே ஏறுகிறார்கள் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நன்மை எல்லோருக்கும் தெரிகிறது. ஆபத்து ஒருவனுக்கு மட்டுமே தெரிகிறது. அப்படிப்பட்ட இடத்தில் பொறுப்பு முழுவதும் தெரிந்தவன் தலையில்தான் விழுகிறது. பாய் வேலையை மறுத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவருக்கு ஒரு நல்ல கூலி போயிற்று. பின்னால் உட்காரப் போகிற, அவர் பெயர்கூடக் கேட்டிராத பெண்களின் சார்பில் பேசுவதற்கு அந்தப் பட்டறையில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர் அவர்.

இப்போது ரூஸ் என்ற அந்த எஞ்சினியரை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவரும் பெரிய எஞ்சின்தான் வேண்டுமென்றார். அதிலே அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஆனால் அந்தப் பிடிவாதத்தின் செலவை அவர் வேறு யார் தலையிலும் கட்டவில்லை. போல்ட்டு போல்ட்டாக, பெயிண்ட் பூச்சு பூச்சாக, வண்டி முழுவதற்கும் தானே கணக்குத் தீர்த்தார். 1953-இன் எஞ்சினுக்கு மூடியை உயர்த்தியவர்களும் அப்படித்தான். எஞ்சின் வளர்ந்தது, அதற்கு இடம் கொடுக்க வண்டியும் வளர்ந்தது. என் நண்பரின் ஜீப்பில் எஞ்சின் மட்டுமே வளர்ந்தது.

ஆகவே, பழைய பொருளுக்குப் புதிய பலம் கொடுக்கலாமா என்றால், தாராளமாகக் கொடுக்கலாம் என்பேன். பழமையின் பெயரைச் சொல்லி ஏற்றத்தில் பெண்களை நடக்க விடுவது எனக்குப் பக்தியாகத் தோன்றவில்லை. ஆனால் பலத்தை வாங்குகிறவன், அதோடு சேர்ந்து வருகிற கடனையும் வாங்குகிறான். முதலில் பிரேக்; பிறகு அச்சு; அதற்குப் பிறகு எஞ்சின். கையில் இருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால், அது பிரேக்குக்கே போகட்டும். அதுவரையில் கல் வைக்கும் பையன் இன்னும் ஒரு வருஷம் சம்பளம் வாங்கட்டும்.

சிக்கல் என்னவென்றால், எஞ்சினுக்குச் செலவழித்தவனுக்கு ஊரிலே பெயர் கிடைக்கிறது. முழக்கம் கேட்கிறது, ஏற்றத்தில் மற்ற வண்டிகளை முந்துகிறது, பார்க்கிறவர்கள் எத்தனை குதிரை என்று விசாரிக்கிறார்கள். பிரேக்குக்குச் செலவழித்தவனை யாரும் விசாரிப்பதில்லை. பிரிட்டிஷ் பட்டியலில் இருந்ததுபோலவே, ஊர்ப் பட்டியலிலும் அதற்கு மார்க்கு இல்லை. குமாஸ்தாவாக இருந்தவனை அதிகாரியாக்குகிறோம். அவன் கையெழுத்துக்குப் பலம் கூடிவிட்டது என்று மாலை போடுகிறோம். அந்தக் கையை நிறுத்துகிற பிடியும் கூடியிருக்கிறதா என்று யார் கேட்கிறோம்? வீட்டிலே ஒரு பிள்ளை நாலு காசு அதிகம் சம்பாதிக்க ஆரம்பித்தால் அவன் குரல் உயர்வதைக் கவனிக்கிறோம். அந்தக் குரல் வேண்டிய இடத்தில் நிற்குமா என்று கவனிப்பதில்லை.

நிற்க முடிகிற அளவுக்குத்தான் ஒரு வண்டிக்கு ஓட உரிமை உண்டு. அதற்கு மேலே இருக்கிற வேகமெல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் சொல்லாமல் வாங்கிய கடன்.